எந்தப் பக்கம் நின்று சொல்கிறீர்கள்? லேப்டாப்பில் ஒரு கன்டெய்னர் சர்வர்

இணையதளத்தை லேப்டாப்பிலேயே ஓட்டிப் பார்க்க ஒரு காலத்தில் ஜாம்ப், இப்போது தளத்துக்குத் தளம் தனித்தனிச் சூழல் அமைக்கும் டாக்கர். ஜாம்ப்பைத் திட்டிவிட்டுத்தான் டாக்கர் பற்றி எழுத வேண்டும் என்று ஒரு சம்பிரதாயம் இருக்கிறது. எனக்கு அதில் உடன்பாடில்லை. 2002-ல் வந்த அந்த ஒற்றை இன்ஸ்டாலர், அப்பாச்சி வெப் சர்வர், டேட்டாபேஸ், பிஎச்பி மொழி மூன்றையும் ஒரே மூட்டையாகக் கட்டிக் கொடுத்தது. இணையதளம் கட்டும் வேலைக்கு நம்மூரிலிருந்து வந்த பலருக்கும் முதல் சர்வர் அதுதான். ஒரே ஒரு தளத்தைப் பார்த்துக்கொள்பவர் இன்றைக்கும் அதிலேயே இருந்தால், அப்படியே இருங்கள் என்றுதான் சொல்வேன்.

சிக்கல் இரண்டாவது தளத்தோடு வருகிறது. நான் பராமரிப்பவற்றில் ஒன்று ஒரு சிற்றிதழின் தளம். அதன் வேர்ட்பிரஸ் தீம் மிகப் பழையது. ‘கிரியேட் ஃபங்ஷன்’ என்ற பிஎச்பி வசதியை நம்பி எழுதியிருக்கிறார்கள். பிஎச்பி 8.0-ல் அந்த வசதியையே தூக்கிவிட்டார்கள். ஆகவே தளம் 7.4-ல் மட்டும்தான் ஓடும். 7.4-க்கோ பாதுகாப்புத் திருத்தங்கள் வருவது 2022 நவம்பரோடு நின்றுவிட்டது. என்றைக்காவது தீம் கோப்புகளைத் திருத்தி 8-க்கு ஏற்றியாக வேண்டும். அதுவரை இரண்டு பிஎச்பியிலும் மாற்றி மாற்றி ஓட்டிப் பார்க்க வேண்டும். இன்னொன்று புத்தகக் கடை. அது 8.3-ல் இருக்கிறது, அதன் டேட்டாபேஸ் வேறு பதிப்பு. இதையெல்லாம் ஒரே லேப்டாப்பில் நேரடியாக நிறுவினால், ஒன்றைத் தொட்டதும் இன்னொன்று படுத்துவிடும்.

அதனால் கன்டெய்னர். கன்டெய்னர் என்றால் குட்டிக் கம்ப்யூட்டர் என்று பலரும் விளக்குகிறார்கள். அந்த விளக்கம், தனி ஆபரேட்டிங் சிஸ்டத்தோடு ஓடும் விர்ச்சுவல் மெஷினுக்குத்தான் பொருந்தும். கன்டெய்னர் ஒண்டுக்குடித்தனம் மாதிரி: வாசல் ஒன்று, கிணறு ஒன்று, ஆனால் ஒவ்வொரு போர்ஷனுக்கும் தனி அடுப்பு, தனிப் பூட்டு. எல்லோரும் தண்ணீர் இறைக்கும் அந்தக் கிணறுதான் லினக்ஸ் கெர்னல், அதாவது ஆபரேட்டிங் சிஸ்டத்தின் மையப் பகுதி. தனியாக ஒரு ஆபரேட்டிங் சிஸ்டம் பூட் ஆவதில்லை. அதே கெர்னலின் மேல் ஓடும் சாதாரண நிரல்தான், ஆனால் அதன் கண்ணுக்கு அதன் கோப்புகளும் அதன் நெட்வொர்க்கும் மட்டுமே தெரியும். எதைப் பார்க்கலாம் என்பதை நேம்ஸ்பேஸ் என்ற கெர்னல் வசதி தீர்மானிக்கிறது, எவ்வளவு மெமரியும் சிபியுவும் தின்னலாம் என்பதை சி-குரூப் தீர்மானிக்கிறது.

இதெல்லாம் டாக்கர் கண்டுபிடித்ததில்லை. ஒரு நிரலின் கோப்பு உலகத்தை ஒரு ஃபோல்டருக்குள் அடைக்கும் சி-ரூட், 1979-ல் வந்த யூனிக்ஸ் ஏழாம் பதிப்பிலேயே இருந்தது. யூனிக்ஸ் வழிவந்த ஃப்ரீபிஎஸ்டி 2000-ல் அதை வளர்த்து ‘ஜெயில்’ என்று பெயர் வைத்தது. கூகுள் பொறியாளர்கள் 2006-ல் தொடங்கிய சி-குரூப் வேலை, 2008-ல் லினக்ஸ் 2.6.24-ல் சேர்ந்தது. 2013 மார்ச்சில் சாண்டா கிளாராவில் நடந்த பைகான் என்ற பைத்தான் நிரலாளர் மாநாட்டில், டாக்கரை உருவாக்கிய சாலமன் ஹைக்ஸ் ஐந்து நிமிடப் பேச்சில் டாக்கரைக் காட்டியபோது, கீழே இருந்த முக்கியப் பொருள்கள் ஏற்கெனவே கெர்னலில் கிடந்தவைதான். அவர்கள் சேர்த்தது இமேஜ். ஒரு சூழலை அடுக்கடுக்காகக் கட்டி, பெயரும் பதிப்பெண்ணும் கொடுத்து, இன்னொருவர் ஒரே கட்டளையில் இறக்கிக்கொள்ளும்படி வைத்தார்கள். என்னைக் கேட்டால் அதுதான் உண்மையான லாபம்.

இப்போது நான் சொல்ல வந்த விஷயம். கன்டெய்னர் அமைப்பில் வரும் கோளாறுகள் பார்வைக்குப் பத்து விதமாக இருக்கும். தோண்டிப் பார்த்தால் பெரும்பாலும் ஒரே கேள்வியில் போய் நிற்கும்: இந்த விலாசத்தை, இந்தப் பாதையை, இந்தப் பயனர் எண்ணை எந்தப் பக்கம் நின்று சொல்கிறீர்கள்? சுவருக்கு உள்ளேயா, வெளியேயா? இந்தக் கேள்வியை முதலில் கேட்டுக்கொண்டால் பாதி இரவு மிச்சமாகும்.

நிறுவும்போதே இந்தக் கேள்வி வந்துவிடும். கன்டெய்னருக்கு லினக்ஸ் கெர்னல் வேண்டும். உங்கள் லேப்டாப்பில் உபுண்டு என்றால் பிரச்சினையே இல்லை, டாக்கர் என்ஜினை நேரடியாகப் போட்டுக்கொள்ளலாம். விண்டோஸிலும் மேக்கிலும் டாக்கர் டெஸ்க்டாப் திரைக்குப் பின்னால் ஒரு லினக்ஸ் மெஷினை ஓட்டுகிறது. கன்டெய்னர்கள் அதற்குள் இருக்கின்றன. விண்டோஸில் அந்த வேலையை டபிள்யூஎஸ்எல் 2 செய்கிறது. இதில் இரண்டு விஷயங்களை முதல் நாளே கவனித்துவிட வேண்டும். ஒன்று மெமரி. கேட்காமல் விட்டால் டபிள்யூஎஸ்எல் உங்கள் ராமில் பாதி வரை எடுத்துக்கொள்ளும். 8 ஜிபி லேப்டாப்பில் பிரவுசரும் எடிட்டரும் மீதியில் மூச்சு முட்டும். யூசர் ஃபோல்டரில் டபிள்யூஎஸ்எல்-கான்ஃபிக் கோப்பை வைத்து 3 ஜிபி என்று கட்டிப்போடலாம். வேர்ட்பிரஸ் வேலைக்கு அது போதும். இன்னொன்று கோப்புகள். புராஜெக்ட்டை சி டிரைவில் வைத்து லினக்ஸ் பக்கத்திலிருந்து படித்தால் ஒவ்வொரு கோப்பும் எல்லை தாண்டி வர வேண்டும். வேர்ட்பிரஸ் ஒரு பக்கத்தைக் காட்டவே நூற்றுக்கணக்கான பிஎச்பி கோப்புகளைத் திறக்கும். தளம் ஆமை போல நகர்கிறது, டாக்கரே மோசம் என்று கைவிட்டவர்களில் பலர் செய்திருக்க வேண்டியது புராஜெக்ட்டை லினக்ஸ் பக்கத்து ஹோம் ஃபோல்டருக்கு மாற்றுவது மட்டும்தான்.

நிறுவனத்தில் வேலை பார்ப்பவர்கள் உரிமத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். 2021 ஆகஸ்டில் அறிவித்த மாற்றத்தின்படி, 250 பேருக்கு மேல் ஊழியர்கள் அல்லது ஒரு கோடி டாலருக்கு மேல் ஆண்டு வருமானம் உள்ள நிறுவனங்கள் டாக்கர் டெஸ்க்டாப்புக்குக் காசு கட்ட வேண்டும். லினக்ஸில் ஓடும் டாக்கர் என்ஜின் திறந்த மூலமாகவே இருக்கிறது. மேக்கில் கோலிமா, எங்கும் போட்மேன் என்று மாற்றுக் கருவிகள் உண்டு.

அடுத்து கம்போஸ் கோப்பு. எந்தெந்த கன்டெய்னர், எந்த இமேஜ், எந்த போர்ட் (நெட்வொர்க் வாசலின் எண்), எந்த ஃபோல்டர் என்பதையெல்லாம் யாமல் வடிவத்தில் ஒரே கோப்பில் எழுதி வைக்கிறோம். இந்தக் கோப்பைப் படித்து ஓட்டும் கட்டளை, நடுவில் கோடு போட்ட பழைய ‘டாக்கர்-கம்போஸ்’, பைத்தானில் எழுதியது. அதற்கு 2023-ல் விடை கொடுத்துவிட்டார்கள். இப்போது இடைவெளி விட்டு ‘டாக்கர் கம்போஸ்’. பழைய கோப்புகளின் தலையில் இருக்கும் ‘வெர்ஷன்’ வரியும் இனித் தேவையில்லை. இன்னும் பல இடங்களில் அதைக் காப்பியடித்து வைத்திருக்கிறார்கள்.

எதை ஓட்டுவது? உங்கள் நிஜ சர்வரில் என்ன ஓடுகிறதோ அதை. இது சொல்லவே தேவையில்லாத விஷயம் போலத் தெரியும், ஆனால் இணையத்தில் கிடைக்கும் மாதிரிக் கோப்புகளில் பாதிக்கு மேல் என்ஜின்எக்ஸ் என்ற வெப் சர்வரை வைத்திருக்கும், நாமும் அப்படியே எடுத்துக்கொள்வோம். உங்கள் தளம் சாதா ஷேர்டு ஹோஸ்டிங்கில் அப்பாச்சியில் ஓடினால், ரீடைரக்ட் விதிகள் எல்லாம் எச்டி-ஆக்சஸ் கோப்பில் இருக்கும். என்ஜின்எக்ஸ் அந்தக் கோப்பைத் திரும்பிக்கூடப் பார்க்காது. அங்கே அப்பாச்சியோடு சேர்ந்து வரும் பிஎச்பி இமேஜை எடுங்கள், ஒரு கன்டெய்னரும் மிச்சம். சிற்றிதழின் சர்வரில் என்ஜின்எக்ஸ் இருப்பதால் நான் மூன்றாகப் பிரித்திருக்கிறேன்: முன்னால் என்ஜின்எக்ஸ், நடுவில் பிஎச்பியை ஓட்டும் எஃப்பிஎம், பின்னால் மரியாடிபி டேட்டாபேஸ். பதிப்பெண்ணை முழுதாக எழுதுவேன். ‘லேட்டஸ்ட்’ என்று எழுதுவது, அடுத்த மாதம் எது வந்தாலும் சரி என்று கையெழுத்துப் போட்டுக் கொடுப்பது.

ஆல்பைன் என்ற குட்டி லினக்ஸின் மேல் கட்டிய இமேஜ் சின்னது என்று ஆசை காட்டும். அடிப்படை இமேஜ் சில எம்பிதான். ஆனால் அது மஸ்ல் என்ற வேறு சி லைப்ரரியை வைத்திருக்கிறது, எழுத்துமுறை (என்கோடிங்) மாற்றும் ஐகான்வ் அங்கே முழுதாக நடந்துகொள்ளாது. தமிழ்த் தளம் நடத்துகிறவர்கள் டெபியன் லினக்ஸ் வகை இமேஜை எடுப்பது நல்லது.

சரி, எல்லாவற்றையும் எழுப்பும் ‘அப்’ கட்டளை கொடுத்தாயிற்று, மூன்றும் ஓடுகின்றன. பிரவுசரில் தளத்தைத் திறந்தால் ‘டேட்டாபேஸோடு இணைக்க முடியவில்லை’ என்று வேர்ட்பிரஸ் கை விரிக்கும். வேர்ட்பிரஸ் கான்ஃபிக் கோப்பில் டேட்டாபேஸ் ஹோஸ்ட் என்ற இடத்தில் காலங்காலமாக ‘லோக்கல்ஹோஸ்ட்’, அதாவது ‘இதே மெஷின்’, என்றுதான் இருக்கும். அதைச் சொல்வது யார்? பிஎச்பி கன்டெய்னர். அதன் லோக்கல்ஹோஸ்ட் அதுவேதான். அதற்குள் டேட்டாபேஸ் கிடையாது. இதில் இன்னொரு உள்குத்தும் இருக்கிறது. மைஎஸ்க்யூஎல் உலகத்தில் (மரியாடிபி அதிலிருந்து பிரிந்த கிளைதான்) லோக்கல்ஹோஸ்ட் என்றால் நெட்வொர்க் வழியாகவே போகாமல், டிஸ்க்கில் ஒரு சாக்கெட் கோப்பைத் தேடும். அதனால் லாகில் ‘அப்படி ஒரு கோப்போ ஃபோல்டரோ இல்லை’ என்று வரும். டேட்டாபேஸ் பிரச்சினைக்கு ஏன் கோப்பு இல்லை என்கிறது என்று தலையைச் சொறிவோம். அதே இடத்தில் லோக்கல்ஹோஸ்ட்டின் எண் விலாசமான 127.0.0.1 என்று எழுதினால் ‘இணைப்பு மறுக்கப்பட்டது’ என்று செய்தி மாறும். இரண்டும் ஒரே குற்றம்தான். எழுத வேண்டியது கம்போஸ் கோப்பில் அந்த சர்வீஸுக்கு நீங்கள் வைத்த பெயர். ‘டிபி’ என்று வைத்திருந்தால் ‘டிபி’. அந்தப் பெயரை ஐபி ஆக்கித் தர, ஒவ்வொரு கன்டெய்னருக்குள்ளும் 127.0.0.11 என்ற விலாசத்தில் டாக்கர் ஒரு டிஎன்எஸ் வைத்திருக்கிறது.

போர்ட்டிலும் இதே கதை. கம்போஸில் ‘8080:80’ என்று எழுதினால் இடது பக்கம் வெளியே, வலது பக்கம் உள்ளே. இரண்டு தளங்களுக்கும் உள்ளே 80 இருக்கலாம், மோதாது. வெளியே மட்டும் 8080, 8081 என்று பிரித்தால் போதும். டேட்டாபேஸை வெளியே 3307-ல் திறந்திருந்தாலும் வேர்ட்பிரஸ் பேச வேண்டியது டேட்டாபேஸின் வழக்கமான உள் போர்ட்டான 3306-ல்தான், ஏனென்றால் அதுவும் உள்ளேதான் இருக்கிறது. லேப்டாப்பில் ஓடும் டேட்டாபேஸ் மேலாண்மைக் கருவிக்கு மட்டும் 3307.

இந்த இடது பக்கத்தில் ஒரு ஆபத்து இருக்கிறது, அதைப் பற்றி யாரும் உரக்கச் சொல்வதில்லை. வெறுமனே ‘3307:3306’ என்று எழுதினால் டாக்கர் அதை லேப்டாப்பின் எல்லா நெட்வொர்க் முகங்களிலும் திறந்து வைக்கிறது. காபிக் கடை வைஃபையில் உட்கார்ந்தால் பக்கத்து மேசைக்காரர் தட்டக்கூடிய தூரத்தில் உங்கள் டேட்டாபேஸ் இருக்கிறது. நம் ஆட்களின் லோக்கல் ரூட் பாஸ்வேர்டு என்னவாக இருக்கும் என்பது உலகத்துக்கே தெரியும். உபுண்டுவில் யுஎஃப்டபிள்யூ ஃபயர்வால் போட்டிருக்கிறேன் என்று நிம்மதியாக இருக்கவும் முடியாது; டாக்கர் தன் விதிகளைத் தானே ஐபி-டேபிள்ஸ் என்ற லினக்ஸ் விதிப் பட்டியலில் எழுதிக்கொள்ளும், யுஎஃப்டபிள்யூ அதைத் தடுக்காது. முன்னால் 127.0.0.1 சேர்த்து ‘127.0.0.1:3307:3306’ என்று எழுதுங்கள். தீர்ந்தது.

அடுத்த சுவர், பாதை. என்ஜின்எக்ஸ் பிஎச்பியை ஓட்டாது. எந்தக் கோப்பை ஓட்ட வேண்டும் என்று 9000-வது போர்ட்டில் எஃப்பிஎம்முக்குச் சீட்டு அனுப்பும். அந்தச் சீட்டில் கோப்பு போவதில்லை, கோப்பின் முழுப் பாதை மட்டும்தான் போகிறது. என்ஜின்எக்ஸ் கன்டெய்னரில் தளம் ஒரு ஃபோல்டரிலும், பிஎச்பி கன்டெய்னரில் வேறு ஃபோல்டரிலும் மவுன்ட் ஆகியிருந்தால் (அதாவது பொருத்தப்பட்டிருந்தால்), பிஎச்பி தன் பக்கத்தில் அந்தப் பாதையைத் தேடிப் பார்த்துவிட்டு இல்லை என்று சொல்லிவிடும். வெள்ளைத் திரையில் ‘ஃபைல் நாட் ஃபவுண்ட்’ என்று ஒற்றை வரி வரும். வேர்ட்பிரஸின் அலங்கார 404 பக்கம் இல்லை, என்ஜின்எக்ஸின் 404 பக்கமும் இல்லை. அந்த மொட்டை வரியே எஃப்பிஎம்மின் கைரேகை. என்ஜின்எக்ஸ் லாகில் ‘பிரைமரி ஸ்கிரிப்ட் அன்நோன்’ என்று பதிவாகியிருக்கும். படமும் ஸ்டைல்ஷீட்டும் மட்டும் ஒழுங்காக வரும், ஏனென்றால் அவற்றை என்ஜின்எக்ஸே எடுத்துக் கொடுக்கிறது. இரண்டு கன்டெய்னரிலும் ஒரே பாதையில் மவுன்ட் செய்துவிட்டால் வேலை முடிந்தது.

மூன்றாவது, ஆள். லினக்ஸுக்குப் பெயர் முக்கியமில்லை, எண்தான். உங்கள் லேப்டாப்பில் நீங்கள் பெரும்பாலும் 1000-வது பயனர். டெபியன் வகை பிஎச்பி இமேஜில் வெப் சர்வரின் பயனர் 33, ஆல்பைனில் 82. கோப்புகள் உங்கள் பெயரில் இருக்கின்றன. உள்ளே ஓடும் 33-க்கு நீங்கள் யாரோ. வேர்ட்பிரஸில் இது வினோதமாக வெளிப்படும். ப்ளகின் அப்டேட்டை அழுத்தினால் எஃப்டிபி யூசர்நேமும் பாஸ்வேர்டும் கேட்டு ஒரு படிவம் நீட்டும். தொலைவில் இருக்கும் சர்வருக்குக் கோப்பு ஏற்றும் முறை அது. லேப்டாப்பில் எங்கிருந்து எஃப்டிபி வந்தது? வேர்ட்பிரஸ் முதலில் ஒரு தற்காலிகக் கோப்பை எழுதிப் பார்க்கிறது. அதன் உரிமையாளரும் தன் சொந்தக் கோப்பின் உரிமையாளரும் ஒருவரா என்று ஒப்பிடுகிறது. ஒத்துப்போகவில்லை என்றால், இங்கே நேரடியாக எழுத எனக்கு அனுமதி இல்லை என்று முடிவு செய்து எஃப்டிபிக்குத் தாவுகிறது. எல்லாவற்றுக்கும் 777, அதாவது யாரும் எழுதலாம் என்ற அனுமதி, கொடுத்தாலும் உரிமையாளர் மாறப் போவதில்லை. சர்வரில் உள்ள நிலைக்கும் உங்கள் லேப்டாப் நிலைக்கும் இடைவெளி கூடுவதுதான் மிச்சம். இமேஜை எப்படிக் கட்டுவது என்று சொல்லும் டாக்கர்ஃபைலில் ஒரு வரி சேர்த்து, உள்ளே இருக்கும் அந்தப் பயனரின் எண்ணையே 1000 ஆக்கிவிடுங்கள். மேக்கில் இந்தத் தொல்லை பெரும்பாலும் தெரியாது, நடுவில் இருக்கும் கோப்புப் பகிர்வு அடுக்கு பூசி மெழுகிவிடும்.

டேட்டாபேஸ் வால்யூம், அதாவது கன்டெய்னர் அழிந்தாலும் டேட்டாவைக் காக்க டாக்கர் வைத்திருக்கும் தனி இடம், பற்றி ஒன்றைச் சொல்லியாக வேண்டும். மரியாடிபி இமேஜ் முதல் தடவை எழும்போது மட்டும், அதாவது டேட்டா ஃபோல்டர் காலியாக இருந்தால் மட்டும், நீங்கள் கொடுத்த பாஸ்வேர்டை எடுத்துக்கொள்ளும், நீங்கள் வைத்த டம்ப் கோப்பை (டேட்டாபேஸின் எழுத்து வடிவ நகலை) ஏற்றிக்கொள்ளும். பிறகு யாமலில் பாஸ்வேர்டை எத்தனை முறை மாற்றினாலும் அது காதில் போட்டுக்கொள்ளாது. புதிய டம்ப் ஏன் ஏறவில்லை, புதிய பாஸ்வேர்டு ஏன் பிடிக்கவில்லை என்ற கேள்விகளுக்கெல்லாம் இதுதான் பதில். ‘டவுன்’ கட்டளை கன்டெய்னரை அழிக்கும், வால்யூமைத் தொடாது. ‘டவுன்’ பக்கத்தில் மைனஸ் வி போட்டால் வால்யூமும் போய்விடும், ‘நிச்சயமா?’ என்று ஒரு வார்த்தை கேட்காது. அதே மாதிரி ‘டிபெண்ட்ஸ் ஆன்’ என்று எழுதுவது, டேட்டாபேஸ் கன்டெய்னர் கிளம்பிவிட்டதா என்று மட்டுமே பார்க்கும். அது இணைப்பு வாங்கத் தயாரா என்று பார்க்காது. தயாரா என்று சோதிக்கும் ஹெல்த்செக் எழுதி, ‘ஹெல்த்தி’ ஆன பிறகு கிளம்பு என்று நிபந்தனை வைக்க வேண்டும்.

இனி தமிழ். இந்தப் பகுதிக்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுத உட்கார்ந்தேன் என்றும் சொல்லலாம்.

பழைய தளத்தின் டம்பை எடுத்து வந்து புது கன்டெய்னரில் ஏற்றினால், கட்டுரைகள் முழுக்க மேலே சாய்கோடு போட்ட குட்டி ‘ஏ’வும், வட்டத்துக்குள் ‘ஆர்’ போட்ட டிரேட்மார்க் முத்திரையும் மாறி மாறி வரும். தமிழ் வலைத்தளம் வைத்திருந்த யாருக்கும் பழக்கமான காட்சி. ஏன் எப்போதும் அந்த இரண்டு சின்னங்களே? யூனிகோடைச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் தமிழ் எழுத்தும், கொம்பு, புள்ளி போன்ற குறியும் ஒவ்வொன்றும் மூன்று பைட். முதல் பைட் எப்போதும் 224, இரண்டாவது 174 அல்லது 175. ஒரு எழுத்துக்கு ஒரு பைட் என்று கொள்ளும் பழைய ஐரோப்பிய முறையான லத்தீன்-1 கண்ணாடி போட்டுப் பார்த்தால் 224 என்பது அந்தச் சாய்கோட்டு ‘ஏ’, 174 என்பது வட்டத்து ‘ஆர்’. மூன்றாவது பைட் மட்டும்தான் எழுத்துக்கு எழுத்து மாறுகிறது. ஆகவே திரையில் இந்தச் சின்னங்கள் தெரிந்தால் பயப்படாதீர்கள்: பைட்டுகள் பத்திரமாக இருக்கின்றன, படிக்கிறவர்தான் தப்பான கண்ணாடி போட்டிருக்கிறார்.

இங்கும் அதே கேள்விதான். டேட்டாபேஸோடு இணையும் பக்கம், ‘நான் இன்ன எழுத்துமுறையில் பேசுகிறேன்’ என்று சொல்ல வேண்டும். 2007-க்கு முந்தைய வேர்ட்பிரஸ் அதைச் சொல்லவே சொல்லாது. பழைய மைஎஸ்க்யூஎல் சர்வரின் இயல்பு லத்தீன்-1. அட்டவணையும் லத்தீன்-1, இணைப்பும் லத்தீன்-1. உள்ளே போனது யூடிஎஃப்-8 தமிழ். இரண்டு பக்கமும் ஒரே பொய்யைச் சொன்னதால் பொய் வெளியே தெரியவில்லை. உங்கள் புது கன்டெய்னர் யூடிஎஃப்8-எம்பி4 (மைஎஸ்க்யூஎல்லில் முழு யூடிஎஃப்-8-க்கான பெயர்) என்று உண்மையைச் சொல்லி இணைகிறது, உடனே குட்டு உடைகிறது. மருந்து, டம்ப் எடுக்கும்போதே பழைய சர்வரிடம் அந்தப் பழைய பொய்யையே சொல்வது: லத்தீன்-1 என்று இணைத்து, ‘செட் நேம்ஸ்’ வரி வராதபடி டம்ப் எடுங்கள். எடிட்டரில் திறந்தால் தமிழ் தமிழாகவே தெரியும். பிறகு அட்டவணை வரையறைகளில் லத்தீன்-1 என்று இருப்பதை யூடிஎஃப்8-எம்பி4 என்று மாற்றி, அதே முறையில் இணைந்து உள்ளே ஏற்றுங்கள். கன்டெய்னரின் அருமை இந்த மாதிரி வேலையில்தான் தெரியும். தப்பாகிவிட்டால் மைனஸ் வி. மறுபடி காலி வால்யூம், மறுபடி முயற்சி. நிஜ சர்வரில் இந்த விளையாட்டுக்கு யாருக்குத் துணிச்சல் வரும்?

எம்பி4 எதற்கு, வெறும் யூடிஎஃப்8 போதாதா? மைஎஸ்க்யூஎல் பழைய நாளில் ‘யூடிஎஃப்8’ என்று பெயர் வைத்தது அதிகபட்சம் மூன்று பைட் எழுத்துகளை மட்டுமே ஏற்கும். வழக்கமான தமிழ் மூன்று பைட்டுக்குள் அடங்கிவிடுவதால் நமக்குக் குறையே தெரியாது. ஒரு வாசகர் பின்னூட்டத்தில் நான்கு பைட் இமோஜி போடும் வரை. கல்வெட்டுக் கட்டுரை வெளியிடும் தளங்களுக்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. முந்திரி, காணி முதலான பழைய பின்ன அளவுகளின் குறிகள் 2019-ல் யூனிகோட் 12-ல் தனித் தொகுதியாகச் சேர்ந்தன. அவை எல்லாம் நான்கு பைட். தவறான தரவை மறுக்கும் ஸ்ட்ரிக்ட் முறை அணைந்திருக்கும் டேட்டாபேஸில் அந்தக் குறி வந்த இடத்தோடு கட்டுரையே வெட்டுப்பட்டுச் சேமிக்கப்படும்.

இன்னொரு வழக்கமான தடங்கல்: டம்பை ஏற்றும்போது, 0900 என்ற எண் நடுவில் வரும் ஒரு கொலேஷன் (எழுத்துகளை ஒப்பிட்டு வரிசைப்படுத்தும் விதி) பெயரைக் காட்டி ‘தெரியாது’ என்று மரியாடிபியின் பழைய பதிப்புகள் நின்றுவிடும். அது மைஎஸ்க்யூஎல் 8-ன் இயல்பான கொலேஷன். டம்பில் அந்தப் பெயரைத் தேடி மாற்றி ஏற்றிவிடலாம் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். எனக்கு அது பிடிக்காது. நிஜ சர்வர் மைஎஸ்க்யூஎல் 8 என்றால், இங்கேயும் மைஎஸ்க்யூஎல் 8 இமேஜை வையுங்கள். ஒரு வரி மாற்றம்தானே!

டொமைன் மாற்றமும் டம்பில் நேரடியாகத் தேடி மாற்றக் கூடாத ஒன்று. வேர்ட்பிரஸ் பல அமைப்புகளை ஒரே நீள வரியாக்கும் பிஎச்பி சீரியலைஸ் வடிவில் வைத்திருக்கிறது. அதில் ஒவ்வொரு சரத்தின் முன்னாலும் அதன் நீளம் பைட் கணக்கில் எழுதியிருக்கும். ‘தமிழ்’ என்பதன் நீளம் அங்கே 15. நீளத்தைத் திருத்தாமல் உள்ளே இருக்கும் முகவரியை மட்டும் மாற்றினால் அந்த அமைப்பே காலாவதி. விட்ஜெட்டுகள் ஒரேயடியாகக் காணாமல் போகும். வேர்ட்பிரஸின் கட்டளை வரிக் கருவியான டபிள்யூபி-சிஎல்ஐயின் தேடி-மாற்றும் கட்டளை நீளத்தையும் சேர்த்துத் திருத்தும். லோக்கலுக்கு ‘.டெஸ்ட்’ அல்லது ‘.லோக்கல்ஹோஸ்ட்’ என்று முடியும் பெயர் வையுங்கள், இரண்டுமே இதற்காக ஒதுக்கப்பட்டவை. ஒரு காலத்தில் எல்லோரும் ‘.டெவ்’ வைத்திருந்தோம், அது கூகுளுக்குச் சொந்தமான நிஜ டொமைன், 2017 கடைசியில் குரோம் அதற்கு எச்டிடிபிஎஸ் கட்டாயம் என்று ஆக்கியதும் லோக்கல் தளங்கள் எல்லாம் ஒரே நாளில் திறக்காமல் போயின.

படக் கோப்புகளின் பெயர் இதைவிட நுட்பமான வலி. சிற்றிதழின் பழைய இதழ் அட்டைகள் ஒரு பழைய மேக்கிலிருந்து ஜிப்பாக வந்தன, பெயர்கள் தமிழில். ‘கோயில்’ என்று பெயரிட்ட படம் டேட்டாபேஸில் இருக்கிறது, ஃபோல்டரிலும் இருக்கிறது, கண்ணுக்கு ஒரு வித்தியாசமும் இல்லை. ஆனால் 404. ‘கோ’வின் ஓகாரக் குறியை யூனிகோடில் ஒரே குறியாகவும் எழுதலாம், ஏகாரக் கொம்பும் காலுமாக இரண்டாகப் பிரித்தும் எழுதலாம். சேர்த்து எழுதினால் ‘கோயில்’ 18 பைட், பிரித்து எழுதினால் 21. பழைய மேக்கின் கோப்பு முறை எல்லாப் பெயரையும் பிரித்துத்தான் வைக்கும். இன்றைய மேக்கின் ஏபிஎஃப்எஸ் இரண்டையும் ஒன்றாகவே பாவிக்கும். லினக்ஸுக்கோ பைட் மாறினால் ஆள் வேறு.

கன்டெய்னர் நம்மை ஏமாற்றும் இடமும் இதுதான். மேக்கில் ஓடும் கன்டெய்னருக்குள் லினக்ஸ்தானே இருக்கிறது, இங்கே ஓடினால் சர்வரிலும் ஓடும் என்று நம்புவோம். ஆனால் லேப்டாப் ஃபோல்டரை நேரடியாக மவுன்ட் செய்திருந்தால், கோப்பைத் தேடித் தருவது வெளியே இருக்கும் மேக். அதன் தாராள மனசு உள்ளே வரை வரும். பெயரில் ஆங்கில முதலெழுத்து பெரிதா சின்னதா என்பதையும் அது கண்டுகொள்ளாது. இங்கே எல்லாப் படமும் தெரியும், சர்வரில் பாதி தெரியாது. அப்லோட் ஃபோல்டரை மட்டுமாவது டாக்கர் வால்யூமில் வைத்தால் அது அசல் லினக்ஸ் கோப்பு முறையில் இருக்கும், குட்டு இங்கேயே வெளிப்படும். பிரிந்து கிடக்கும் பெயர்களைச் சேர்க்க ‘கன்வ்எம்வி’ என்ற பழைய கருவி போதும். முதலில் என்னென்ன மாறும் என்று காட்டும், உறுதி சொன்ன பிறகுதான் மாற்றும்.

டம்ப் எடுத்து வரும்போது வாசகர்களின் மின்னஞ்சல் முகவரிகளும் கூடவே வருகின்றன. அஞ்சல் அனுப்பும் எஸ்எம்டிபி ப்ளகினின் பாஸ்வேர்டும் அந்த டம்புக்குள்தான் இருக்கிறது. புத்தகக் கடையை லேப்டாப்பில் எழுப்பியதும், காத்திருக்கும் திட்டமிட்ட வேலைகள் தாமாகவே ஓட ஆரம்பிக்கும். பழைய ஆர்டருக்கு நினைவூட்டல் நிஜமாகவே ஒரு வாடிக்கையாளருக்குப் போய்ச் சேரும். அதனால் நான்காவதாக ஒரு குட்டி கன்டெய்னர் சேர்த்திருக்கிறேன்: மெயில்பிட். 1025-ல் அஞ்சலை வாங்கிக்கொள்ளும், யாருக்கும் அனுப்பாது, 8025-ல் பிரவுசரில் திறந்து என்ன போயிருக்கும் என்று பார்த்துக்கொள்ளலாம். டம்பை ஏற்றியதும் எஸ்எம்டிபி அமைப்பை அதற்குத் திருப்பும் கட்டளையை டொமைன் மாற்றும் கட்டளையோடு சேர்த்து ஒரே ஸ்கிரிப்டில் வைத்திருக்கிறேன். வாடிக்கையாளர் முகவரிகளைப் பொய் முகவரிகளாக மாற்றுவதும் அதிலேயே இருக்கிறது.

மாற்றங்களைப் பதிவு செய்து பகிரும் கிட் களஞ்சியத்தில் போவது கம்போஸ் கோப்பு, டாக்கர்ஃபைல், என்ஜின்எக்ஸ் கான்ஃபிக், இந்த ஸ்கிரிப்ட், அப்புறம் பாஸ்வேர்டு முதலான அமைப்புகளை வைக்கும் என்வ் கோப்பின், பாஸ்வேர்டு நீக்கிய ஒரு மாதிரி. நிஜ என்வ் கோப்பும் டம்பும் போவதில்லை. நெட் மோசமான இடத்தில் இருப்பவருக்கு இமேஜ்களை ‘சேவ்’ கட்டளையால் ஒரு டார் கோப்பாக்கி பென்டிரைவில் கொடுத்துவிடுவேன். அவர் ‘லோட்’ கொடுத்து அப் சொன்னால் போதும், இமேஜ்கள் கிடைக்கும் இணையக் கிடங்கான டாக்கர் ஹப் பக்கமே போக வேண்டாம். வாங்குகிறவரின் லேப்டாப் எம் வரிசை சிப் போட்ட மேக் என்றால் மட்டும் பென்டிரைவை நம்ப வேண்டாம். என் இமேஜ்கள் இன்டெல் கட்டமைப்புக்கானவை, ஆர்ம் கட்டமைப்பில் ஓடும் அந்த மேக்கில் அவை எமுலேஷனில், அதாவது இன்டெல் போல நடித்து, மெதுவாகத்தான் ஓடும். அவர் ஹப்பிலிருந்தே ஆர்ம் வகையை இறக்கிக்கொள்வது நல்லது.